பதினான்காம் பாடம் நான்தான்

என்னுடைய முன்னாள் கணவன் மன்சூர் உயிரோடுதான் இருக்கிறான். தெப்பக்குளம் பக்கம் கடை போட்டு செல்போன் கவர் விற்கிறான். போன வருடத்துக்கு இந்த வருடம் ஒரு சுற்று பருத்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் மதுரையில் குறைந்தது இருநூறு பேருக்கு அவன் லாரி அடித்துச் செத்துப்போனவன். எந்த வளைவில் லாரி வந்தது, எந்த வார்டில் படுத்திருந்தான், கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னான் என்பது வரைக்கும் அவர்களுக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. நானும் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவனைக் கொன்றவர் ஜெயராம் சார். கோரிப்பாளையத்தில் மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் 'வெற்றிப்படி ஸ்போக்கன் இங்கிலீஷ்' நடத்துகிறவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை கட்டியிருப்பார். வியர்வை அதன் நுனி வழியாகச் சொட்டும். துடைத்துக்கொண்டே 'கான்ஃபிடன்ஸ், கான்ஃபிடன்ஸ்' என்பார்.

நான் எதற்கு அங்கே போய் மாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜஸீலா. வயது முப்பத்து நாலு. ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டின் மேல் இருக்கும் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஏஜென்சி மூலமாக, காண்ட்ராக்டில். பொங்கலுக்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு மெஷின் வரப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். நோயாளியே பொத்தானை அமுக்கி டோக்கனை எடுத்துக்கொள்வார். நான் வீட்டுக்குப் போகலாம். போகாமல் இருக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. வரவேற்பு மேஜையில் நிரந்தர வேலை. அதற்கு அங்கே 'கெஸ்ட் ரிலேஷன்ஸ்' என்று பெயர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை விருந்தாளி என்று கூப்பிட அந்த நிர்வாகத்துக்கு எப்படி மனசு வந்ததோ. மாலத்தீவிலிருந்து ஆட்கள் வருவதால் இங்கிலீஷ் கட்டாயம். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். மார்ச் வந்தால் எனக்கு முப்பத்தைந்து. ஆகவே நவம்பரில் நடக்கும் இன்டர்வியூதான் எனக்கு முதலும் கடைசியும். அதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்துக்கு நைட்டி தைக்க வேண்டும். நான் தைத்த நைட்டியை நானே போட மாட்டேன், அப்படி இருக்கும்.

வகுப்பில் நாங்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் எல்லோரையும் சார், மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. எங்கள் ஆஸ்பத்திரியில் செக்யூரிட்டியாக இருந்த விருமாண்டியும் அங்கே சேர்ந்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். ஆள் ஆறடி, மீசை தனிக் கணக்கு. என்னை அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவன், வகுப்பில் 'ஜஸீலா மேடம்' என்று சொல்லும்போதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும்.

ஜெயராம் சாரின் முறை எளிமையானது. "கிராமர் படிச்சு எவனாச்சும் இங்கிலீஷ் பேசியிருக்கானா? கொழந்தை எப்படிப் பேசக் கத்துக்குது? கதை கேட்டுத்தான? நமக்கும் கதைதான்" என்பார். அதுவரைக்கும் நியாயம்தான். நானும் தலையாட்டினேன்.

வில்லங்கம் எல்லாம் அந்தக் கதைகளில் இருந்தது. அன்றாட வாழ்க்கை என்ற தலைப்பில் அவரே எழுதி அச்சடித்த சின்னச் சின்னக் கதைகள். பேங்கில், கடையில், பஸ்ஸில். பஸ் கதையில் கண்டக்டர் 'வணக்கம் மேடம், ஜன்னல் ஓரம் இடம் காலியாக இருக்கிறது, தயவுசெய்து அமருங்கள்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். நான் பிறந்ததிலிருந்து மதுரையில்தான் பஸ் ஏறுகிறேன். எந்தக் கண்டக்டரும் என்னிடம் சொன்ன அதிகபட்ச அன்பான வார்த்தை 'உள்ள போம்மா' என்பதுதான்.

அடுத்து வாழ்க்கை வரலாறுகள். முப்பது பேருடைய வாழ்க்கை, முப்பது பாடம். முப்பது பேருக்கும் அப்பா ஏழை விவசாயி. முப்பது பேருக்கும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. எல்லோரும் தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தார்கள். எங்கள் தெருவில் விளக்கு ஒழுங்காக எரிந்து நான் பார்த்ததில்லை. நான் முன்னேறாமல் போனதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கடைசிப் பத்தியில் எல்லோரும் கார் வாங்கிவிடுவார்கள்.

இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்பார்கள் அல்லவா? அதற்கு இந்த முப்பதில் நமக்குத் தோதான ஒன்றை எடுத்து, ஓர் எழுத்து மாறாமல் ஒப்பிக்க வேண்டும். "மாத்துனீங்கன்னா தப்பு வரும். தப்பு வந்தா வேலை வராது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குப் புத்தகத்தில் நட்சத்திரக் குறி உண்டு. ஒரு நட்சத்திரம் என்றால் எச்சில் விழுங்க வேண்டும். இரண்டு நட்சத்திரம் என்றால் குனிந்து தரையைப் பார்க்க வேண்டும்.

இது ஒருவருக்கும் விநோதமாகப் படவில்லை. எப்படிப் படும்? நாமெல்லாம் பசுவைப் பற்றி மனப்பாடம் செய்து எழுதியே பாஸ் ஆனவர்கள். 'நான் சென்ற சுற்றுலா' என்று, திருப்பரங்குன்றம் தாண்டிப் போகாமலேயே ஊட்டியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியவர்கள். போகாத ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு வாழாத வாழ்க்கையை வாழ்வது பெரிய காரியமா? எங்கள் வகுப்பில் வட்டிக்கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். கழுத்தில் சங்கிலி மினுங்க, 'என் தந்தை ஓர் ஏழை விவசாயி' என்று அவன் சொன்னபோது பின்வரிசையில் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள்.

சனிக்கிழமைகளில் மட்டும் யாராவது ஒருவர் தன் சொந்த வாழ்க்கையைத் தன் சொந்த இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஆடி மாதத்தில் என் முறை வந்தது. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பத்தொன்பதில் கல்யாணம். பதினோரு வருடம் குடித்தனம். மன்சூர் அடித்ததில்லை, குடித்ததில்லை. நான் ஒருத்தி வீட்டில் இருப்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது, அவ்வளவுதான். எங்கே போகிறான், எப்போது வருவான் என்று சொல்ல மாட்டான். கடைசியில் சரக்கு எடுக்கத் திருப்பூர் போகிறேன் என்று போனவன், நாலு மாதம் கழித்து வந்து அங்கே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவதைச் சொன்னான். சால்னா ஆறிவிட்டது என்று சொல்லும் அதே குரலில் சொன்னான். ஜமாத்தில் போய் உட்கார்ந்து நானே 'குலா' கேட்டேன். பெண் தானாகக் கேட்டு வாங்கும் மணவிலக்கு அது. பெரியவர்கள் இரண்டு முறை சமாதானம் பேசிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் மதுரைக்கே திரும்பிவந்து கடை போட்டுக்கொண்டான்.

இதைத் தமிழில் யாரிடமும் நான் முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இங்கிலீஷில் கடைசி வரைக்கும் நின்றேன். அந்த மொழிக்கு என் வீட்டு விலாசம் தெரியாது. தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. விருமாண்டி மூக்கை உறிஞ்சினான். ஜெயராம் சார் குனிந்து நோட்டில் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார். என்னுடைய தப்புகளைக் குறித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. பழைய பதினான்காம் பாடத்தைத் தூக்கிவிட்டு 'மதுரையின் வீரப் பெண்மணி' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார். பெயர் மிசஸ் ஜே. பத்தொன்பதில் கல்யாணம். பதினோரு வருடம் ஒரு கூட்டில் இரண்டு பறவைகளாக வாழ்ந்தார்கள். கணவர் சரக்கு எடுக்கத் திருப்பூர் போகும் வழியில் லாரி. பிறகு ஆஸ்பத்திரி, அன்பான நர்ஸ், கடைசி மூச்சு, இரண்டு நட்சத்திரம். அதன்பின் மிசஸ் ஜே தையல் நிலையம் ஆரம்பித்து ஐந்து பேருக்கு வேலை கொடுத்து, கார் வாங்கிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், எம் புருஷன் எப்ப சார் செத்தாரு?"

"உங்க புருஷன்னு யாரு மேடம் சொன்னது? அதுல உங்க பேரே இல்லையே."

"நான் சொன்னது அம்புட்டும் அதுல இருக்கு. விட்டுட்டுப் போனது மட்டுந்தான் இல்ல."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், கோவப்படாமக் கேளுங்க. விட்டுட்டுப் போயிட்டான், நானாக் கேட்டு விலகிட்டேன்னு சொன்னா, கேக்குறவன் மனசுல என்ன நெனைப்பான்? இந்தம்மாகிட்ட என்ன கொறையோன்னுதான நெனைப்பான்? செத்துட்டாருன்னா ஒரு கேள்வி வராது. மரியாதை. அதான் லாரியப் போட்டேன்."

"அதை எடுத்துருங்க சார்."

"ஐந்நூறு காப்பி அடிச்சாச்சே மேடம்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணு ஃப்ரீயாத் தரச் சொல்றேன்" என்றார்.

கோபத்தில் எனக்கு அந்த நேரம் தமிழே வரவில்லை, இங்கிலீஷ் எங்கே வரும்? அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. உலகம் அப்படித்தான் நினைக்கும் என்று எனக்கும் தெரியும். அதை ஒரு டை கட்டிய ஆள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்ததுதான் அவமானமாக இருந்தது. அன்றோடு அந்த மாடிப்படியை மறந்திருக்க வேண்டும். ஆனால் இன்டர்வியூவுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. எனக்கு வேறு இடம் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வீட்டில் என் அம்மா அஜ்மல் பீவியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "எங்க வச்சு லாரி அடிச்சிச்சாம்?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

"திருப்பூர் போற வழியிலயாம்."

"ஒடனே மவுத்தா, இழுத்துக்கிட்டுக் கெடந்தானா?"

"ஆஸ்பத்திரியில கொஞ்ச நேரம் கெடந்திருக்காரு."

"அல்லா!" என்று அம்மா பெருமூச்சு விட்டார். "இம்புட்டு நாள்ல அந்தச் சார் ஒருத்தருதாண்டி நமக்காக ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காரு. வெள்ளிக்கிழமை பிரியாணி ஆக்குறேன், கொண்டுபோய்க் குடு."

பாடம் பரவியது. முப்பதில் அதுதான் புதுசு. லாரி வேறு இருக்கிறது. ஒருநாள் ஒத்தக்கடை பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எனக்கு முன்னால் இரண்டு காலேஜ் பெண்கள். ஒருத்தி புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்க்க, இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு என் பதினோரு வருடத்தை ஒப்பிக்கிறாள். மாட்டுத்தாவணி வருவதற்குள் என் கல்யாணம் முடிந்து, புருஷன் செத்து, கார் வாங்கியாகிவிட்டது. "சூப்பர்டி, ரெண்டரை நிமிஷந்தான்" என்றாள் புத்தகக்காரி. பதினோரு வருடத்தை நான் எவ்வளவு மெதுவாக வாழ்ந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் மன்சூரே போன் செய்தான். நாலு வருடமாகப் பேச்சு கிடையாது.

"ஜஸீலா, நான் செத்துட்டேனாமே?"

"யாரு சொன்னா?"

"ஒன் க்ளாஸ்ல புதுசாச் சேந்த பய ஒருத்தன் கவர் வாங்க வந்தான். நான் யாருன்னு தெரிஞ்சதும் அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. 'நீங்க எறந்துட்டீங்களேண்ணே'ங்கிறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? பதறுறானேன்னு வெலையக் கொறைச்சுக் குடுத்தேன்." பிறகு கேட்டான்: "ஏன் என்னைச் சாகடிச்ச?"

"நான் சாகடிக்கல. நான் உசுரோடதான் விட்டேன்."

எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்பான் என நினைத்துப் போனை வைக்காமல் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரியில் செத்ததாகப் போட்டிருக்கிறது என்று கேட்டான். நான் வைத்துவிட்டேன்.

நவம்பர் வந்தது. வரவேற்பு மேஜையில் ஒரே ஓர் இடம். விண்ணப்பித்த ஏழு பேரும் எங்கள் வகுப்புதான், விருமாண்டி உட்பட. ஜெயராம் சார் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரே போடாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி வேலைக்குப் பதினாலுதான். அதுல ஆஸ்பத்திரி வருது, நர்ஸ் வருது, வேற எதுல வருது?" பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், நீங்களும் அதையே சொல்லிருங்க. உங்க கதைதான, உங்களுக்கு ஈஸி" என்றார். இரண்டு மாதத்துக்கு முன் அது என் கதையே இல்லை என்று சொன்ன வாய்.

நான் அதைச் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் என் வாழ்க்கையை என் வார்த்தையில் எனக்கே சொல்லிக்கொண்டேன். லாரி இல்லாமல், பறவை இல்லாமல், கார் இல்லாமல். விட்டுவிட்டுப் போனான், நான் கேட்டு விலகினேன், இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு முன்னூறு நோயாளிகளைப் பொறுமையாகப் பார்த்து அனுப்புகிறேன். கேட்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உண்மைக்கு ஒரு கனம் உண்டு, அது தெரியாமல் போகாது என்று நம்பினேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நிஜமாகவே நம்பினேன்.

இன்டர்வியூ நாள் காலையில் எனக்கு டியூட்டி. இன்டர்வியூவுக்கு வந்தவர்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தவளும் நான்தான். வரிசையில் ஆள் நிற்கும்போது முதல் டோக்கனை எனக்கு எடுத்துக்கொள்ள மனசு வருமா? எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஏழாவதை எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடத்து ஒழுக்கம் அப்படி என் காலை வாரியது.

எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டு வந்த விருமாண்டிக்குக் கண் சிவந்திருந்தது.

"அக்கா, லாரி வரைக்கும் சூப்பராப் போச்சு. அதுக்கப்புறம் அந்த மேடம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாக."

"நீயும் பதினாலா சொன்ன? புருஷன் செத்துட்டாருன்னா?"

"இல்லக்கா, பொண்டாட்டின்னு மாத்திக்கிட்டேன்."

படிக்குக் கீழே அவன் மனைவி முத்துச்செல்வி, புளியோதரைத் தூக்குவாளியோடு நல்ல ஆரோக்கியமாக உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே இரண்டு பேர். ஒரு டாக்டர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் ஸ்யாமளா மேடம். ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவின் தலைவி. இரண்டு வருடமாகத் தினமும் என் கவுன்டரைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போவார். ஆனால் ஏஜென்சி ஆட்களின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

நானும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "எனக்குப் பத்தொன்பது வயதில் திருமணம் நடந்தது. பதினோரு வருடம்..."

ஸ்யாமளா மேடம் பேனாவை வைத்துவிட்டார். "பதினோரு வருடம் ஒரு கூட்டில் இரண்டு பறவைகளாக வாழ்ந்தோம். சரி, லாரி எப்போது வரும்?"

டாக்டர் குலுங்கிச் சிரித்தார்.

"லாரி வராது மேடம். என் கணவர் உயிரோடு இருக்கிறார். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்."

"முடிவை மாற்றியிருக்கிறீர்கள். மற்றவர்களைவிட நீங்கள் கெட்டிக்காரர்."

"மேடம், இது என் கதை. நிஜமாகவே என்னுடையது."

"காலையிலிருந்து ஆறு பேரும் அதைத்தான் சொன்னார்கள். அதில் ஒருவருக்கு மீசை இருந்தது." அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை, அலுப்பு இருந்தது. "எங்களுக்கு ஒப்பிக்கிற ஆள் வேண்டாம். இரண்டு நிமிடம் தருகிறேன். யாரிடமும் இரவல் வாங்காத ஒன்றை, உங்களுடையதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் போகலாம்."

ஒவ்வொரு நாளாக நான் கிடந்து அழுது கழித்த பதினோரு வருடம் அது. அதில் நான் திருடியாம். இன்னொன்றைச் சொல் என்கிறார்கள். இன்னொன்றுக்கு நான் எங்கே போவேன்? எனக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். அதை ஊரே வாயில் போட்டு மென்றுவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். எழுந்தால் பொங்கலுக்குப் பிறகு நைட்டி. உட்கார்ந்தபடியே வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"எனக்குச் சொல்லும்படி ஒரு கஷ்டமும் இல்லை மேடம்."

டாக்டர் போனைக் கீழே வைத்தார்.

"என் கணவர் செல்போன் கவர் விற்கிறார். வெளியே கிளம்பும்போது எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். தாமதமானால் போன் செய்வார். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவரே கஞ்சி வைப்பார். உப்பு ஜாஸ்தியாக இருக்கும். நன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்பார், நான் நன்றாக இருக்கிறது என்பேன். மழை பெய்தால் பஸ் ஸ்டாப்புக்குக் குடையோடு வருவார். ஒரு குடைதான் இருக்கிறது. என் பக்கம் சாய்த்துப் பிடிப்பார், அவருக்கு ஒரு தோள் நனைந்துவிடும். பெருநாளுக்கு விளக்குத்தூண் பக்கம் வளையல் வாங்கப் போவோம். நான் எவ்வளவு நேரம் பொறுக்கினாலும் பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஒரு முறை, பச்சை உனக்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னார். எங்களிடம் கார் இல்லை. சாதனை ஒன்றும் இல்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனால், இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார். நான் சொல்வேன். அவ்வளவுதான் மேடம்."

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். எட்டு இடத்தில் தப்பு விட்டேன் என்று எனக்கே தெரியும். எங்கேயும் எச்சில் விழுங்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை.

ஸ்யாமளா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையிலிருந்து இப்போதுதான் ஒரு மனுஷி பேசிக் கேட்கிறேன்" என்றார். "இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. தப்புத் தப்பாகப் பேசினாலும் சொந்தமாகப் பேசினீர்கள். முதலிலேயே இதைச் சொல்வதற்கென்ன?" டாக்டரும், யாரும் சாகாமல் ஒரு கதையைக் கேட்பது எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று பாராட்டினார். அடுத்த மாதம் முதல் தேதி வேலையில் சேரச் சொன்னார்கள்.

வராந்தாவில் விருமாண்டி, "அக்கா, எத்தனாவது பாடம் சொன்னீக?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். நேரே பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். சிரிக்கத்தான் போனேன். உண்மையைச் சொன்னால் காப்பி, பொய்யைச் சொன்னால் சொந்தச் சரக்கு. இதைவிட ஒரு கூத்து உண்டா? குழாயைத் திறந்துவிட்டுச் சிரிக்கலாம் என்று பார்த்தால் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொய்யை நான் எப்போது யோசித்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்து ஒரு வரியும் யோசிக்கவில்லை. எல்லாம் பத்தொன்பது வயதில் நான் ஆசைப்பட்டு வைத்திருந்தது. மழை பெய்த சாயங்காலங்களில் பஸ் ஸ்டாப்பில் நின்று வருகிற கூட்டத்தில் ஒரு குடையைத் தேடியிருக்கிறேன். பதினோரு வருடமும் தேடியிருக்கிறேன். ஸ்யாமளா மேடம் தப்பாகச் சொல்லவில்லை. அது ஒன்றுதான் யாரிடமும் நான் இரவல் வாங்காதது. எனக்குத் தாங்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கவுன்டருக்கு வந்தபோது வரிசை வாசல் வரைக்கும் நின்றது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த வழியாக வந்த ஸ்யாமளா மேடம் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அட, நீங்க நம்ம டோக்கன் கவுன்டர்லயேவா இருக்கீங்க? நான் பாத்ததே இல்லையே" என்றார் தமிழில். பிறகு ரொம்ப உரிமையோடு கவுன்டரில் சாய்ந்துகொண்டார். "ஒருநாள் உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. பொண்டாட்டி பக்கம் குடையைச் சாச்சுப் பிடிச்சிட்டு, தான் நனையற ஆம்பளைய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல மேடம்" என்றேன்.

அவர் வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். இந்த நகைச்சுவை உணர்வுதான் கெஸ்ட்டுகளுக்குப் பிடிக்கும் என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.